யாரைக் கேட்டுக் கிளம்புவது?



ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்ட் மாநிலம், மேற்கு சிங்பூம் மாவட்டம். காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். மண் சுவர், ஓட்டுக் கூரை. அந்த வீட்டு மருமகளுக்கு இது எட்டாவது மாதம். இரண்டு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. முகமும் உப்பியிருக்கிறது. காலையிலிருந்து தலைவலி. பொழுது சாயும்போது கண் மங்குகிறது.

அவள் என்ன செய்வாள்?

முதலில் ஒன்றும் செய்யமாட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று நினைப்பாள். அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு வீங்கிப் பார்த்திருக்கிறாள். ராத்திரிச் சோறு முடிந்தபின் மாமியாரிடம் மெல்லச் சொல்வாள். மாமியார் ஐந்து பிள்ளை பெற்றவர். ஐந்தும் வீட்டிலேயே பிறந்தவை. "எனக்கும் இப்படித்தான் இருந்தது. படுத்துத் தூங்கு, காலையில் சரியாகிவிடும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் கால் வீங்கியிருக்கும். ஆனால் கண் மங்கியிருக்காது. அந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விடியற்காலையில் மருமகளுக்கு வலிப்பு வருகிறது. மாமியார் பதறி மாமனாரை எழுப்புகிறார். மாமனார், "மகனைக் கேட்காமல் எப்படி?" என்கிறார். மகன் இருப்பது குஜராத்தில், கட்டட வேலையில். போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கையில் பணம் இல்லை. ஆட்டை விற்கலாம், ஆனால் சந்தை நாளைக்குத்தான். ஊரில் வண்டி வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் வெளியூர் போயிருக்கிறார். எல்லாம் கூடி வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

இதில் குற்றவாளி யார்? மருமகளா? மாமியாரா? மாமனாரா? அவரவர் தமக்குத் தெரிந்த நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால் ஓர் இரவும் அரைப் பகலும் போய்விட்டன. அந்த வலிப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இந்த வீடு கற்பனை வீடு. ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் இந்தியாவில் எத்தனையோ உண்டு. செரீன் தாடியஸ், டெபோரா மேய்ன் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பிரசவத்தில் பெண்கள் சாவதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்வதில் ஒரு தாமதம். போய்ச் சேருவதில் ஒரு தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். சாலை போட்டால் இரண்டாவது தாமதம் குறையும். டாக்டரும் மருந்தும் இருந்தால் மூன்றாவது குறையும். முதல் தாமதம் மட்டும் வீட்டுக்குள் நடப்பது. அதற்கு என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் சிங்பூம் பக்கத்திலிருந்தே கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், பெண்கள் ஏன் அப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொதுவாக வெளியிலிருந்து வருகிறவர்கள் "அறியாமை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது அவசரப் பேச்சு.

முதலில் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமான பெண் நிறையச் சாப்பிட வேண்டும் என்று நர்சு சொல்கிறார். ஆனால் இந்தியாவின் பல பகுதிகளில் கடைசி மாதங்களில் பெண்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பெருத்த பிள்ளை வெளியே வராது என்பது அவர்கள் பயம். யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில், பிள்ளை சிக்கிக்கொண்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டாக்கிய வழக்கம் அது. பயம் நியாயமானது. ஆனால் வழி தவறானது. சாப்பாட்டைக் குறைத்தால் தாய்க்கு ரத்தம் குறைகிறது. பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கிறது. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குக் குளிர் தாங்காது, பால் உறிஞ்சப் பலம் இருக்காது, நோய் சீக்கிரம் பற்றும். பெரிய பிள்ளைக்குப் பயந்து சின்னப் பிள்ளையைப் பெற்று, அதையும் பறிகொடுக்கிறார்கள்.

வேண்டுமென்று குறைப்பது ஒரு பக்கம். எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியாகச் சட்டியை வழிப்பது இன்னொரு பக்கம். அது அவள் எடுத்த முடிவே அல்ல.

அடுத்தது சிவப்பு மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 180 நாள் சாப்பிட வேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 100 தாய்மாரில் 26 பேர்தான் முழுதும் சாப்பிட்டார்கள். அதே ஆய்வில், 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாத்திரை கையில் இருக்கிறது, வாய்க்குள் போகவில்லை. ஏன்? சாப்பிட்டால் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: "மலம் கறுத்துப் போகும், அதனால் கெடுதல் இல்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம்." சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

பிறகு பிரசவம். வட இந்தியாவில் பிள்ளை பிறக்க உதவும் கிராமத்து மருத்துவச்சியைத் 'தாயி' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது தாய் என்றே விழும். கிராமத்துப் பெண்ணுக்கு அவர்மேல் நம்பிக்கை அதிகம். அவர் நம் பாஷை பேசுவார், கையைப் பிடித்துக்கொள்வார், திட்டமாட்டார், பிறகு வந்து எண்ணெய் தேய்த்தும் விடுவார். ஆஸ்பத்திரியில்? சிங்பூமில் ஹோ என்ற ஆதிவாசி மக்கள் அதிகம். அவர்கள் பேசுவது ஹோ மொழி. ஆஸ்பத்திரியில் பேசுவது இந்தி. வலியில் துடிக்கும்போது தெரியாத பாஷையில் ஒருவர் அதட்டினால் எப்படி இருக்கும்? கூட ஆளை விடமாட்டார்கள். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு யார் போடுவது, மாட்டை யார் பிடித்துக் கட்டுவது என்ற கவலை வேறு. இத்தனையும் கணக்குப் பார்த்துத்தான் ஒரு பெண் "வீட்டிலேயே ஆகட்டும்" என்கிறாள்.

ஆனால் வீட்டில் நடந்த சில காரியங்கள் பிள்ளைக்கு எமனாயின. பல ஊர்களில் நஞ்சு வெளியே விழும்வரை தொப்புள் கொடியை அறுக்கமாட்டார்கள். அதுவரை பிள்ளை துணியில்லாமல் வெறும் தரையில் கிடக்கும். எல்லோர் கவனமும் தாய்மேல் இருக்கும். நஞ்சு விழாவிட்டால் தாய் போய்விடுவாளே என்ற பயம் அது. ஈர உடம்போடு தரையில் கிடக்கும் பிள்ளை சில்லிட்டுப் போகும். பிறகு 'தீட்டுப் போக' உடனே குளிப்பாட்டுவார்கள். இன்னும் சில்லிடும். முதலில் ஊறும் மஞ்சள் பாலை, சீம்பாலை, கெட்டுப்போன பால் என்று பீய்ச்சி எறிவார்கள். தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ, ஆட்டுப்பாலோ ஊட்டுவார்கள். நோயைத் தடுக்கும் சக்தி அந்த மஞ்சள் பாலில்தான் இருக்கிறது. பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய முதல் மருந்து மண்ணுக்குப் போகிறது.

சரி, சிங்பூமில் என்ன நடந்தது?

அந்த மாவட்டத்தில் சக்ரதர்பூர் என்று ஓர் ஊர். அங்கே 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கியது. ஏக்ஜுட் என்றால் ஒன்று சேர்ந்தவர்கள் என்று பொருள். டாக்டர் பிரசாந்த திரிபாதி, டாக்டர் நிர்மலா நாயர் இருவரும் அதை உருவாக்கினார்கள். நேபாளத்தில் மக்வான்பூர் என்ற மலை மாவட்டத்தில், பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியதால் சிசு மரணம் குறைந்தது என்று 2004-ல் ஒரு செய்தி வந்திருந்தது. அதையே இங்கும் செய்து பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். மேற்கு சிங்பூம், அதை அடுத்த சராய்கேலா கர்சாவான், ஒரிசாவின் கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 36 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 18 பகுதிகளில் பெண்கள் குழுக்கள் கூடும். மற்ற 18-ல் கூடாது. மூன்று வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவது என்று திட்டம்.

244 குழுக்கள் கூடின. அவற்றில் பல, ஏற்கெனவே சேமிப்புக்காகக் கூடிக்கொண்டிருந்த குழுக்கள்தான். கூட்டத்தை நடத்தியவர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. அந்தப் பக்கத்துப் பெண். அவர்களின் பாஷை பேசுபவர். அவருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் மாதத்தில் 13 கூட்டம் நடத்துவார். மாதம் ஒரு கூட்டமாக மொத்தம் இருபது கூட்டம்.

கூட்டத்தில் சொற்பொழிவு கிடையாது. "இதைச் செய், அதைச் செய்யாதே" என்ற உத்தரவும் கிடையாது. படம் போட்ட அட்டைகள், கதைகள், விளையாட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் பேசலாம். எங்கள் ஊரில் தாய்க்கும் பிள்ளைக்கும் வரும் ஆபத்துகளில் எது பெரியது என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு என்ன வழி என்று அவர்களே பேசினார்கள். பிறகு அதைச் செய்து பார்த்தார்கள்.

அந்த விளையாட்டுகளில் ஒன்று "ஆனால் ஏன்?" என்பது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் "ஏன்?" "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எடுத்துக்காட்டாக இப்படி ஒன்று.

ஒரு பிள்ளை ஏழாம் நாள் செத்துவிட்டது. ஏன்? காய்ச்சல் கண்டு பால் குடிக்கவில்லை. ஏன் காய்ச்சல்? தொப்புளில் சீழ் வைத்துவிட்டது. ஏன் சீழ்? பழைய அரிவாளால் கொடியை அறுத்தார்கள், கிடைத்த நூலால் கட்டினார்கள். ஏன் புது பிளேடு இல்லையா? நடுராத்திரியில் வலி எடுத்தது, கடை இல்லை. முன்னாலேயே வாங்கி வைக்கவில்லையா? பிறக்காத பிள்ளைக்குப் பொருள் வாங்கி வைத்தால் ஆகாது என்று மாமியார் தடுத்துவிட்டார். மாமியார் ஏன் அப்படிச் சொன்னார்? அவருடைய மூத்த பிள்ளைக்கு ஆசையாகத் துணி தைத்து வைத்திருந்தார். அது தங்கவில்லை.

இந்த இடத்தில் கூட்டம் அமைதியாகிவிடும். மாமியாரின் பிடிவாதம் என்று நினைத்தது, அவர் மனத்தில் முப்பது வருடமாக ஆறாத புண் என்று தெரியும்போது யாருக்குக் கோபம் வரும்? அதன் பிறகுதான் வழி பிறக்கும். வீட்டில் வாங்கி வைத்தால்தானே ஆகாது? குழுவின் பொதுப் பணத்தில் வாங்கி, குழுத் தலைவி வீட்டில் வைத்தால்? புது பிளேடு, கொதிக்க வைத்த நூல், சோப்பு, தரையில் விரிக்க பிளாஸ்டிக் விரிப்பு. வலி எடுத்ததும் ஓடிப்போய் எடுத்துவரலாம். மாமியார் மனமும் நோகாது, பிள்ளையும் பிழைக்கும்.

"ஏன்?" என்று கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு அவசியமும் இருந்தது. பிள்ளை செத்தால் "ஏன் செத்தது?" என்று கேட்காமல், "யார் செய்தது?" என்று கேட்கும் வழக்கம் அங்கே உண்டு. யாராவது ஒரு பெண்ணை, பெரும்பாலும் ஆதரவில்லாத விதவையை, சூனியக்காரி என்று சொல்லிவிடுவார்கள். அடித்து விரட்டியதும் உண்டு, கொன்றதும் உண்டு. இதைத் தடுக்க 1999-ல் பீகாரில் ஒரு சட்டம் வந்தது. பிறகு தனி மாநிலமான ஜார்க்கண்டும் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் வந்தும் கொடுமை அடியோடு நிற்கவில்லை. "யார்?" என்ற கேள்வி ஒரு கிழவியின் வாசலில் போய் நிற்கிறது. "ஏன்?" என்ற கேள்வி ஒரு பழைய அரிவாளில் போய் நிற்கிறது. அரிவாளை மாற்றிவிடலாம்.

மூன்று வருடத்தில், 2005 முதல் 2008 வரை, 19,030 பிறப்புகளைக் கணக்கெடுத்தார்கள். முதல் வருடம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. குழு கூடிய இடங்களில், உயிரோடு பிறந்த 1,000 பிள்ளைகளில் 56 ஒரு மாதத்துக்குள் இறந்தன. குழு இல்லாத இடங்களில் 53. பேச்சு உடனே பலன் தரவில்லை. இரண்டாவது வருடம் குழு கூடிய இடங்களில் அது 37 ஆனது. மற்ற இடங்களில் 60. மூன்றாவது வருடம் இங்கே 36, அங்கே 64. இந்த விவரம் 2010-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்த மூன்று வருடத்தில் குழு கூடிய இடங்களில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பெரிதாகக் கூடிவிடவில்லை. வீட்டுக்குள் நடந்தவைதான் மாறின. பிரசவம் பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சுத்தமான நூல் வந்தது. முதல் ஆறு வாரம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பவர்கள் அதிகமானார்கள். எல்லாம் சின்னச் சின்ன முடிவுகள். சின்ன முடிவுகள் சேர்ந்துதான் அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றின.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு மனம் சோர்ந்துவிடும். தூக்கம் வராது, அழுகை வரும், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காது. மூன்றாவது வருடத்தில், குழு கூடிய இடங்களில் நடுத்தரமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து கொடுத்துக் குறைக்கவில்லை. தன் பேச்சைக் கேட்க ஊரில் நாலு பெண்கள் இருக்கிறார்கள் என்பதே போதுமானதாக இருந்திருக்கும்.

பிறகு இதே முறையை ஆஷா பணியாளர்களைக் கொண்டு ஜார்க்கண்டிலும் ஒரிசாவிலும் ஐந்து மாவட்டங்களில் நடத்திப் பார்த்தார்கள். 2016-ல் அதன் முடிவு வந்தது. குழு கூடாத இடங்களில் 1,000-க்கு 44 பிள்ளைகள், கூடிய இடங்களில் 30 பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன. 30 என்பதும் பெரிய எண்தான். அந்த முப்பது வீடுகளுக்குச் சதவீதக் கணக்கு ஆறுதல் தராது.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியிலும் இதுபோன்ற ஒரு வேலை முன்பே நடந்தது. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிள்ளை பிறந்த வீட்டுக்கே போனார்கள். தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். கதகதப்பாகப் பொதிந்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சீழ் நோய் கண்டால் ஊசியும் போட்டார்கள். பிள்ளையின் எடையைத் தாய் தன் கண்ணால் பார்ப்பாள். முள் ஏறினால் அவளுக்குத் தைரியம் வரும். ஏறாவிட்டால், "தேனை நிறுத்து, பாலைக் கொடு" என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிராமங்களில் ஒரு மாதத்துக்குள் இறந்த பிள்ளைகள் 1,000-க்கு 62-லிருந்து 25 ஆகக் குறைந்தன. 1999-ல் இது வெளிவந்தது. 2011-ல் மத்திய அரசு இதைப் பின்பற்றி, ஆஷா வீடு தேடி வரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் வர வேண்டும்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 1992-93-ல் இந்தியாவில் 100 பிரசவத்தில் 26 தான் ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21-ல் 89. இது சாதாரண மாற்றம் அல்ல. 2005-ல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் ஏழைத் தாய்க்குப் பணம் தந்தது. 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாம் இலவசம் என்று உத்தரவு இருக்கிறது. காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் இதையும் பாருங்கள். அதே 2019-21 ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 100-க்கு 42 தான். 89 பேர் பிறந்தது ஆஸ்பத்திரியில். கட்டில் மாறிவிட்டது, பழக்கம் அந்த அளவு மாறவில்லை. தாய் ஒரு கட்டிலில் மயங்கிக் கிடக்கிறாள். பிள்ளை வேறு ஒருவர் மடியில் இருக்கிறது. பாட்டி சேலை முந்தானையில் தேன் பாட்டில் முடிந்து வைத்திருக்கிறார். நர்சு அடுத்த பிரசவத்துக்கு ஓடிவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் யார் முடிவெடுக்கிறார்கள்? பெரும்பாலும் பாட்டிதான். ஆகவே பாட்டியிடம்தான் முதலில் பேச வேண்டும். மருமகளை மட்டும் கூப்பிட்டுப் பாடம் சொல்லி அனுப்பினால், அவள் வீட்டுக்குப் போய் வாயைத் திறக்க முடியாது. சொல்லப்போனால் தாய்மார் கூட்டம் என்பதை மாமியார் மருமகள் கூட்டம் என்றே நடத்தலாம்.

வீட்டார் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கினால், விடாத தலைவலி இருந்தால், கண் மங்கினால், எந்த மாதத்திலும் ரத்தம் பட்டால், கடும் காய்ச்சல் வந்தால், பிள்ளை அசைவது குறைந்தால், வலி இல்லாமல் நீர்க்குடம் உடைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் அரை மணி நேரம்கூடப் பெரிது. பிறந்த பிள்ளை பாலை உறிஞ்ச மறுத்தால், தொட்டால் சில்லென்றோ கொதித்தோ இருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், துவண்டு கிடந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். தூக்கும்போது தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்தித் தூக்குங்கள். வழியில் பிள்ளை சில்லிடாது. எடை குறைந்த பிள்ளையை வீட்டிலும் இப்படியே வைத்திருக்கலாம். அப்பாவும் வைத்திருக்கலாம், அவர் நெஞ்சிலும் சூடு உண்டு. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் சில நாள் தள்ளினாலும் குற்றமில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும். கோடையிலும் தண்ணீர் வேண்டாம்.

இனி அந்தச் சிங்பூம் வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே மாமியாருக்கு அடையாளம் தெரிந்திருந்தால் ராத்திரியே எழுந்திருப்பார். குழுவில் அவசரப் பணம் இருந்தால் ஆட்டை விற்க வேண்டாம். 108 எண் தெரிந்தால் வண்டிக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். அது வராத இடமென்றால், எந்த வண்டி, யார் ஓட்டுவது, அவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்திருக்கலாம். மூத்த பிள்ளையையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கலாம்.

மீதி இருப்பது மகனின் சம்மதம். அவர் குஜராத்துக்கு ரயில் ஏறும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லலாம். "நான் போன் எடுக்காவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்." அதை மனைவியின் காதில் மட்டும் சொன்னால் போதாது. அம்மாவும் அப்பாவும் கேட்கும்படி, திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும்.